நாலுக்கு நாலு!

“ஐயோ...!”

பெண்கள் கழிப்பறையிலிருந்து கிளம்பிய அலறல் சட்டமன்றக் கட்டடத்தின் இரண்டாவது மாடியையே உலுக்கிப் போட்டது.

காரிடாரில் கோப்புகளோடு நடந்துகொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

இன்ஸ்பெக்டர் ஓடினார்!

வலது கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டே ஓடினார். கட்டடத்தின் பாதுகாப்பு அவர் பொறுப்பு. அவருடைய கடைவாய்ப் பல் மட்டும் யார் பொறுப்பிலும் இல்லை. காலையிலிருந்து அது அவரை ஓர் இடத்தில் உட்கார விடவில்லை.

வாசலில் துடைப்பத்தோடு நின்ற பெண் உள்ளே கையைக் காட்டினாள்.

ஏட்டம்மா இன்ஸ்பெக்டரை முந்திக்கொண்டு நுழைந்தாள். வாஷ்பேசினுக்குக் கீழே ஒரு பெண் சுருண்டு கிடந்தாள். குழாய் திறந்தபடி கொட்டிக்கொண்டிருந்தது.

“உயிர் இருக்கா?” வெளியிலிருந்தே கத்தினார் இன்ஸ்பெக்டர்.

“இருக்கு சார்! மூச்சு வருது. ஆனா எவ்வளவு கூப்பிட்டாலும் கண்ணைத் திறக்க மாட்டேங்கறாங்க. சார்... இது நம்ம கண்டக்டர் அக்கா!”

இன்ஸ்பெக்டருக்கு ஒரு விநாடி பல்வலியே மறந்துபோனது.

கண்டக்டர் அக்கா!

கணவன் பஸ் டிரைவர். அவள் அதே பஸ்ஸில் கண்டக்டர். ஒரு விபத்தில் ஸ்டியரிங் அவன் நெஞ்சை நசுக்கியது. அவனை ஆம்புலன்ஸில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தாள். ‘போலீஸ் கேஸ்... எடுக்க மாட்டோம்’ என்று வாசலிலேயே கையை விரித்தார்கள். கடைசியில் அவள் மடியிலேயே அவன் மூச்சு நின்றது.

அதற்கப்புறம் அவள் அழுததை யாரும் பார்க்கவில்லை. தேர்தலில் நின்றாள். ஜெயித்தாள். ஒரு மசோதா கொண்டுவந்தாள்.

உயிருக்குப் போராடும் நோயாளியை எந்த ஆஸ்பத்திரியும் வாசலோடு திருப்பி அனுப்பக் கூடாது. விபத்தா, விஷமா, போலீஸ் கேஸா, அதெல்லாம் அப்புறம். முதலில் உள்ளே எடு. உயிரைக் காப்பாற்று!

பத்திரிகைக்காரர்கள் அதற்கு வைத்த பேர், வாசல் மசோதா.

சுகாதாரக் குழுவில் இன்றைக்கு அதற்கு ஓட்டெடுப்பு. இன்னும் சற்று நேரத்தில்!

“என்ன ஆச்சு... யாருக்கு என்ன ஆச்சு?”

குழுவின் தலைவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். பருத்த உடம்பு, மெல்லிய குரல், எப்போது வேண்டுமானாலும் நனையக்கூடிய கண்கள். உள்ளே எட்டிப் பார்த்தார். கண்கள் நனைந்துவிட்டன.

“ஐயையோ... தங்கச்சி! என்னய்யா வேடிக்கை பார்த்துட்டு நிக்கறீங்க? ரோட்டுக்கு எதிர்லயே ஆஸ்பத்திரி இருக்கு, கொண்டு போங்க! கூட யாரு போறா?”

“நான்தான் சார்! அக்காவோட தம்பி!” கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான் ஓர் இளைஞன். அக்காவின் கார் ஓட்டுவதும், ஃபோன் எடுப்பதும், திட்டு வாங்குவதும் அவன் வேலைகள்.

“போப்பா, போ! இன்னிக்கு முழுக்க அங்கேயே படுக்க வெச்சு நல்லாப் பார்த்துக்கச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு.”

ஸ்ட்ரெச்சர் வந்தது. லிஃப்ட் இறங்கியது. ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு கிளம்பியது.

தலைவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“கூட்டத்தைத் தள்ளி வைக்கலாமே சார்?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“மனசு கேட்கலதான் இன்ஸ்பெக்டர். ஆனா அஞ்சு மசோதா காத்திருக்கு. விதின்னு ஒண்ணு இருக்கே!”

ஹாலின் கதவு மூடிக்கொண்டது.

இன்ஸ்பெக்டர் காரிடாரில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். நின்றார். மறுபடி நடந்தார்.

“சார், உட்காருங்களேன். பார்க்கற எனக்கே கால் வலிக்குது” என்றாள் ஏட்டம்மா.

“உட்கார்ந்தா பல்லு பேசுது ஏட்டம்மா. அதைவிட நீங்க பேசுங்க. இந்த ஓட்டுக் கணக்கு என்ன?”

“குழுவில மொத்தம் ஒன்பது பேர் சார். தலைவர் சாதாரணமா ஓட்டுப் போட மாட்டாரு. மீதி எட்டுப் பேர்ல மசோதாவுக்கு ஆதரவு நாலு, எதிர்ப்பு நாலு.”

“நாலுக்கு நாலு. அப்ப?”

“அப்பதான் தலைவர் வாயைத் திறக்கணும். சமன் ஆச்சுன்னா அவர் ஓட்டுப் போட்டே ஆகணும். ‘எனக்கு எதுவும் வேண்டாம்’னு நழுவ முடியாது.”

“அக்கா இல்லேன்னா?”

“மூணுக்கு நாலு. மசோதா குளோஸ்!”

அந்தச் சமயம் சுவரிலிருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. உள்ளே ஓட்டெடுப்பு. பேர் பேராகக் கூப்பிட்டார்கள். ஆதரவு... எதிர்ப்பு... எதிர்ப்பு... ஆதரவு... அக்காவின் பேர் வந்தபோது மட்டும் பதில் இல்லை.

மூன்றுக்கு நாலு!

“போச்சு!” என்றார் இன்ஸ்பெக்டர்.

“இன்னும் போகல சார். இங்க ஒரு நடைமுறை இருக்கு. கூட்டத்தை முடிக்கறதுக்கு முன்னாடி, வராதவங்க பேரை இன்னொரு தடவை கூப்பிடுவாங்க. அந்த நேரத்துல கதவுக்கு உள்ள இருந்தா ஓட்டு செல்லும். உள்ள இன்னும் நாலு மசோதா பாக்கி இருக்கு.”

“அந்த நாலும் முடியறதுக்குள்ள அக்கா எழுந்து வரணும்ங்கறீங்க?”

“ஆமா சார். இதைக் கொஞ்சம் பாருங்க.” ஏட்டம்மா ஒரு சின்ன ஃபிளாஸ்க்கை நீட்டினாள். “அக்காவோடது. கழிப்பறை ஜன்னல்ல இருந்துச்சு. மேடை மேடையாப் பேசித் தொண்டை கட்டிடுச்சுன்னு ஒரு வாரமா வெந்நீரும் கையுமாத்தான் இருந்தாங்க.”

இன்ஸ்பெக்டர் மூடியைத் திறந்தார். அடியில் கொஞ்சம் தண்ணீர். அதற்கும் அடியில்... வெள்ளையாய்க் கரையாத தூள்!

“மாத்திரை!” என்றார். “நுணுக்கிப் போட்டிருக்கான்!”

“யார் சார்?”

ஹாலின் கதவு திறந்தது. டாக்டர் வெளியே வந்தார்.

டாக்டரும் குழு உறுப்பினர்தான். எதிர்ப்பு நாலு பேருக்கும் அவர்தான் தலை. ரோட்டுக்கு எதிரே நிற்கும் ஆஸ்பத்திரியின் சொந்தக்காரர். வாசல் மசோதா என்ற பேரைக் கேட்டாலே அவருக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். இப்போது உதட்டில் ஒரு திருப்தியோடு ஃபோனை எடுத்தார்.

இன்ஸ்பெக்டர் அந்த ஃபோனை மெதுவாக வாங்கி அவர் சட்டைப் பையிலேயே போட்டார்.

“டாக்டர் சார்... ஒரு நிமிஷம் பேசலாமா?”

“பல்லுக்கா? நான் பல் டாக்டர் இல்லையே!”

“பல்லைப் பிடுங்க வேண்டாம். வாயைத்தான் பிடுங்கணும். கண்டக்டர் அக்கா குடிச்ச வெந்நீர்ல மாத்திரை கலந்திருக்கு. அவங்க இல்லாததால உங்க பக்கம் ஜெயிச்சிருக்கு. அவங்க பக்கத்துச் சீட்டு உங்களது. மாத்திரைக்கும் உங்களுக்குப் பஞ்சமில்ல. நான் என்ன நினைக்கணும்?”

டாக்டரின் முகம் வெளுத்தது.

“இன்ஸ்பெக்டர்! வாய்க்கு வந்ததைப் பேசாதீங்க. எனக்கும் அந்தம்மாவுக்கும் ஆகாது, உண்மைதான். அதுக்காக...”

இன்ஸ்பெக்டரின் ஃபோன் அலறியது.

“சார்! நான்... தம்பி பேசறேன் சார்!” குரல் உடைந்திருந்தது. “அக்காவைச் சேர்க்க மாட்டேன்னுட்டாங்க சார்!”

“என்னது? எதிர் ஆஸ்பத்திரியிலயா?”

இன்ஸ்பெக்டர் டாக்டரைப் பார்த்துக்கொண்டே ஸ்பீக்கரைத் தட்டினார்.

“என்ன சாப்பிட்டாங்கன்னு தெரியலையே, போலீஸ் கேஸா இருக்கும், எடுத்துட்டுப் போங்கன்னுட்டாங்க சார்! சட்டமன்ற உறுப்பினர்னு சொன்னேன். வர்றவன் எல்லாம் இதைத்தான் சொல்றான்னு சிரிக்கறாங்க. அக்கா முகத்தைக்கூடப் பார்க்கல. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்னே கையை ஆட்டிட்டாங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினா, ஊர்வலம்னு ரோட்டையே மறிச்சு வெச்சிருக்காங்க!”

“என்ன ஊர்வலம்?”

“நம்ம மசோதாவுக்கு ஆதரவா நடக்கற ஊர்வலம்தான் சார்...”

இன்ஸ்பெக்டர் கண்ணை மூடித் திறந்தார். ரோட்டை மறித்திருப்பதும் அவருடைய போலீஸ் இலாகாதான்.

“மூச்சு எப்படி இருக்கு?”

“இருக்கு சார். வண்டியிலேயே என் சட்டை முழுக்க வாந்தி எடுத்தாங்க. மாமா செத்த மாதிரியே அக்காவும் ஆம்புலன்ஸ்லயே போயிடுவாங்களோன்னு...” அவன் அழ ஆரம்பித்தான்.

“டேய் தம்பி! அழாதே. வாந்தி எடுத்தது நல்லதுதான். வண்டியைத் திருப்பு. இங்க தரைத்தளத்துல முதலுதவி அறை இருக்கு. நர்ஸ் இருக்காங்க. வா!”

ஃபோனை வைத்தார். டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்க ஆஸ்பத்திரி... உங்க வாசல்...” என்றார் இன்ஸ்பெக்டர். “விஷம் கொடுக்கறதும் நீங்க, விரட்டறதும் நீங்கன்னு நாளைக்குப் பேப்பர்ல வரும். விலங்கு மாட்டிட்டா ஃபோட்டோ நல்லா இருக்கும்.”

“யோவ், நான் இல்லய்யா!” டாக்டர் வெடித்தார். “நான் எதுக்கு அவங்களுக்கு மாத்திரை கொடுக்கணும்? அவங்க வந்து ஓட்டுப் போட்டாலும் நாங்கதான்யா ஜெயிப்போம்!”

“எப்படி? வந்தா நாலுக்கு நாலு.”

“ஆகட்டுமே! சமன் ஆனா தலைவர் ஓட்டு எங்களுக்குத்தான்!”

சொல்லிவிட்டு உதட்டைக் கடித்தார். கடித்து என்ன பிரயோசனம்? சொன்னது சொன்னதுதான்.

இன்ஸ்பெக்டர் நடப்பதை நிறுத்தினார்.

“தலைவரா? அக்கா வீட்டுக்காரர் படத்துக்கு முன்னாடி நின்னு, ‘என் ஓட்டு இந்த மசோதாவுக்குத்தான்’னு சத்தியம் பண்ணி அழுதாரே... ஊரே டி.வி.யில பார்த்துதே!”

“அது டி.வி.!” என்றார் டாக்டர். “எங்க ஆஸ்பத்திரிச் சங்கத்துக்கு அவர் கொடுத்த வாக்கு வேற. போன வாரம் என் வீட்டு ஹால்ல உட்கார்ந்து, என் கையைப் பிடிச்சுக் கொடுத்தாரு. அங்கேயும் அழுதாரு.”

ஏட்டம்மா இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். இன்ஸ்பெக்டர் ஏட்டம்மாவைப் பார்த்தார்.

“ஏட்டம்மா... அக்கா பக்கத்து ஆளுங்களும் சமன் ஆனா ஜெயிப்போம்னு நம்பறாங்க. இவங்களும் நம்பறாங்க. ரெண்டு பேருக்குமே சமன் ஆகறதுல நஷ்டம் இல்ல. அப்ப சமன் ஆகவே கூடாதுன்னு நினைக்கறவன் யாரு?”

“ரெண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்தவரு!” ஏட்டம்மாவின் குரல் கீச்சிட்டது. “ஓட்டுப் போட்டா யாராவது ஒருத்தர்கிட்ட மாட்டுவாரு. ஓட்டுப் போடற நிலைமையே வரலேன்னா...”

“ரெண்டு பக்கமும் நல்லவரு!”

டாக்டர் சுவரில் சாய்ந்துகொண்டார்.

“டாக்டர் சார், உங்களுக்கு ஒரு வழி சொல்றேன். இப்ப உள்ள போங்க. தலைவர் அவசர அவசரமாக் கூட்டத்தை முடிக்கப் பார்ப்பாரு. அக்கா பேரைக் கூப்பிடாம விடாதீங்க. அவங்க வந்தா நீங்க குற்றவாளி இல்லன்னு ஊருக்குத் தெரியும். எப்படியும் நீங்கதான் ஜெயிக்கப் போறீங்களே... என்ன பயம்?”

“எனக்கு என்ன பயம்?” என்றார் டாக்டர் விறைப்பாக. “கூப்பிடச் சொல்றேன்யா!”

முதலுதவி அறை.

நர்ஸ் அக்காவின் கையில் ஊசி குத்தி சலைன் ஏற்றியிருந்தாள். மூக்கில் ஆக்ஸிஜன். தம்பி காலடியில் நின்று பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“தூக்க மாத்திரை சார்” என்றாள் நர்ஸ். “நிறையப் போயிருக்கு. வாந்தி எடுக்காம இருந்திருந்தா நாளைக்குத்தான் கண்ணைத் திறந்திருப்பாங்க. திறக்காமலும் போயிருக்கலாம். கொடுத்தவனுக்கு அளவு தெரியல. எழுப்பலாம்... ஆனா அலைக்கழிக்கக் கூடாது. ஆக்ஸிஜனோடதான் எங்கேயும் போகணும். நானும் கூட வருவேன்.”

ஒலிபெருக்கி இங்கேயும் கரகரத்தது. நர்ஸுகளின் வேலை நேர மசோதா நிறைவேறியது. மருந்துக்கடை மசோதா நிறைவேறியது. தலைவர் பந்தயக் குதிரை வேகத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார்.

“அக்கா!” தம்பி அவள் காதருகே குனிந்தான். “அக்கா... மசோதா தோத்துடும் போலருக்கு அக்கா!”

இமை அசைந்தது.

“அக்கா, எழுந்திரு! மாமாவுக்காக எழுந்திரு அக்கா!”

கண் திறந்தது. எங்கே இருக்கிறோம் என்று தேடியது. தம்பியின் சட்டையைப் பார்த்தது.

“ஏண்டா... இவ்வளவு அழுக்கா... இருக்கே...?”

தம்பி சிரித்துக்கொண்டே அழுதான். இன்ஸ்பெக்டர் குனிந்தார்.

“அக்கா, ஒண்ணே ஒண்ணு. ஃபிளாஸ்க்ல வெந்நீர் யார் ஊத்தினா?”

“தலைவர்தான்...” குரல் காற்றாய் வந்தது. “‘தொண்டை கட்டியிருக்கேம்மா’ன்னு... அவர் ரூமுக்குக் கூப்பிட்டு... அவர் கையாலயே... நல்ல மனுஷன் சார்... என் வீட்டுக்காரரைப் பத்திப் பேசி அழுதாரு...”

நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினாள்.

ஒலிபெருக்கியில் தலைவரின் மெல்லிய குரல்... “கடைசி மசோதா... ஏகமனதாக நிறைவேறியது.”

“சக்கர நாற்காலி!” என்று கத்தினார் இன்ஸ்பெக்டர்.

ஹாலுக்குள் தலைவர் கோப்பை மூடினார்.

“இத்துடன் கூட்டம்...”

“தலைவரே!” டாக்டர் எழுந்து நின்றார். “வராதவங்க பேரைக் கூப்பிடல!”

“அவங்கதான் ஆஸ்பத்திரியில இருக்காங்களே டாக்டர்... கூப்பிட்டு என்ன ஆகப் போகுது?”

“நடைமுறை நடைமுறைதான். கூப்பிடுங்க! எதிர்த்து ஓட்டுப் போட்டவன் பயந்துட்டான்னு நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது!”

தலைவர் டாக்டரைக் கண்ணால் கெஞ்சினார். டாக்டர் உட்காரவில்லை. கேலரியில் பத்திரிகைக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். வேறு வழியில்லாமல் தலைவர் குழுவின் செயலாளரைப் பார்த்துத் தலையசைத்தார்.

அக்காவின் பேர் கூப்பிடப்பட்டது.

ஒரு தடவை... பதில் இல்லை.

தலைவரின் முகத்தில் ரத்தம் திரும்பியது. “பார்த்தீங்களா? இத்துடன்...”

கதவு திறந்தது!

தம்பி தள்ள, நர்ஸ் சலைன் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வர, மூக்கில் குழாயோடு சக்கர நாற்காலியில் கண்டக்டர் அக்கா! அவள் கை மேலே எழுந்தது.

“ஆதரவு!”

இருந்த குரலையெல்லாம் கூட்டி அந்த ஒரு வார்த்தையில் போட்டாள்.

நாலுக்கு நாலு!

எல்லாக் கண்களும் தலைவர் மேல்.

டாக்டர் நம்பிக்கையோடு புன்னகைத்தார். கேலரியில் டி.வி. கேமராக்கள் தலைவரின் முகத்துக்கு நெருங்கின. அக்காவும் அவரையே பார்த்தாள். வாசலில் இன்ஸ்பெக்டர் ஒரு கையில் கன்னமும் மறு கையில் ஃபிளாஸ்க்குமாக நின்றார்.

தலைவர் ஃபிளாஸ்க்கைப் பார்த்தார்.

வாயைத் திறந்தார். மூடினார்.

“ஆ... நெஞ்சு...!”

மேஜை மேலேயே சரிந்தார்!

ஹால் அல்லோலகல்லோலப்பட்டது. நர்ஸ் பாட்டிலைத் தம்பியின் கையில் திணித்துவிட்டு ஓடினாள். தலைவரின் மணிக்கட்டைப் பிடித்தாள். கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தாள். இமை அவசரமாக மூடிக்கொண்டது.

“நாடி நல்லாத்தான் இருக்கு” என்றாள் சத்தமாக.

“எதுக்கும் எதிர் ஆஸ்பத்திரிக்கு...” தலைவர் முனகினார். “உடனே... கொண்டு போங்க...”

இன்ஸ்பெக்டர் அவர் காதருகே குனிந்தார்.

“கொண்டு போகலாம் சார். ஆனா ஒரு சிக்கல். அங்க போலீஸ் கேஸ் எடுக்க மாட்டாங்களாம். வெந்நீர் ஊத்தினது யாருன்னு அக்கா சொல்லிட்டாங்க. ஃபிளாஸ்க் என்கிட்ட இருக்கு. நீங்க இப்ப சுத்தமான போலீஸ் கேஸ்!”

தலைவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். நெற்றியில் வியர்வை பொடித்தது. முதலில் செய்தது நடிப்பு. இந்த வியர்வை நிஜம். எதிர் ஆஸ்பத்திரியின் கண்ணாடிக் கதவை அவர் இப்போது முதல் தடவையாக, மனசுக்குள், வெளியிலிருந்து பார்த்தார்.

“தலைவரே,” செயலாளர் தயங்கித் தயங்கிக் கேட்டார், “உங்க ஓட்டு?”



“...ஆதரவு” என்றார் தலைவர், மேஜையில் படுத்தபடியே.

கேலரியில் யாரோ கை தட்டினார்கள். அப்புறம் எல்லோரும் தட்டினார்கள். டாக்டர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். கண்டக்டர் அக்கா தம்பியின் அழுக்குச் சட்டையைப் பிடித்து அவனைத் தன் பக்கம் இழுத்து, அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அத்தனை நாளும் அழாத அழுகை அது.

காரிடாரில் தலைவரைத் தனியாக நடத்திக்கொண்டு போனார் இன்ஸ்பெக்டர்.

“எனக்குப் புரியவே இல்ல இன்ஸ்பெக்டர்” என்றார் தலைவர். இந்தத் தடவை கண்ணில் ஒரு சொட்டுக்கூட வரவில்லை. “நான்தான் தெளிவாச் சொன்னேனே... எதிர் ஆஸ்பத்திரியில சேருங்க, இன்னிக்கு முழுக்க அங்கேயே இருக்கட்டும்னு. எங்க தப்பு நடந்துச்சு?”

இன்ஸ்பெக்டர் கன்னத்தைத் தடவிக்கொண்டே லிஃப்ட் பொத்தானை அழுத்தினார்.

“மசோதாவைப் போன மாசமே நிறைவேத்தியிருக்கணும் சார்... அக்கா எதிர் ஆஸ்பத்திரியில தூங்கிட்டிருப்பாங்க, நீங்களும் இன்னிக்கு உங்க வீட்லயே தூங்கியிருப்பீங்க!”